ஆலை போன பிறகு ஊரில் மிஞ்சுவது என்ன: கிழக்கு ஜெர்மனியில் கற்றுக்கொண்டவை

கோயம்புத்தூர் பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த நான், உற்பத்திப் பொறியியலில் முதுகலை படிப்பதற்காக 2011ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் சாக்ஸனி மாநிலத்திலுள்ள கெம்னிட்ஸ் நகருக்கு வந்தேன். அந்த நகருக்குச் ‘சாக்ஸனியின் மான்செஸ்டர்’ என்றொரு பழைய பெயர் உண்டு என்று படித்தபோது, ‘தென்னிந்தியாவின் மான்செஸ்ட’ரிலிருந்து கிளம்புகிறவனுக்கு அது நல்ல சகுனமாகவே பட்டது. இரண்டு ஊர்களிலும் பழைய பஞ்சாலைகள் பூட்டிக் கிடக்கின்றன என்ற ஒற்றுமை வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. அசல் மான்செஸ்டரிலும் கதை அதுதான்.

படிப்பு முடிந்து 2014இல் கிடைத்த முதல் வேலையை 2017இல் ஆலை மூடலில் இழந்தேன். அதன் பிறகு வேறு வேலை தேடிக் கிழக்கு ஜெர்மனியின் பல ஊர்களுக்குப் போய்வந்தேன். இன்றும் கெம்னிட்ஸில்தான் இருக்கிறேன். வாடகை குறைவு என்பதாலும் பொறியியல் துறைகள் நன்றாக இருப்பதாலும் தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் இந்தப் பகுதிக்கு வருகிறார்கள். படிப்பு முடிந்ததும் அவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணா, அந்த ஊரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா?” சம்பளத்தைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டியதில்லை, ஊரைப் பற்றித்தான் கேட்க வேண்டும். ஊரைப் படிப்பதற்கு எனக்கு ஆறேழு ஆண்டுகள் ஆயின. அதை எழுதிவைத்தால் மற்றவர்களுக்கு அத்தனை காலம் ஆகாது என்று நினைக்கிறேன்.

நான் வந்த நகரத்தின் பெயர் 1953 முதல் 1990 வரை கார்ல்-மார்க்ஸ்-ஸ்டாட். 1990 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் 76 சதவீதம் பேர் பழைய பெயரே வேண்டும் என்று சொன்னதால், அது மீண்டும் கெம்னிட்ஸ் ஆயிற்று. பெயர் போனாலும் 1971இல் திறக்கப்பட்ட மார்க்ஸின் வெண்கலத் தலை போகவில்லை. 7.1 மீட்டர் உயரமும் சுமார் 40 டன் எடையும் உள்ள அந்தத் தலையை உள்ளூர்க்காரர்கள் ‘நிஷல்’ என்கிறார்கள்; நம் பேச்சில் ‘மண்டை’. “ஆறு மணிக்கு மண்டைகிட்ட வந்துடு” என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்த மண்டையைத் தாண்டி மாலை ஏழு மணிக்கு நடந்தால் தெருவில் ஆளிருக்காது. 1980களின் தொடக்கத்தில் மூன்று லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை இன்று இரண்டரை லட்சத்தைச் சுற்றி இருக்கிறது. இவ்வளவு பெரிய நகருக்கு அப்போது நெடுந்தூர விரைவு ரயில் ஒன்றுகூடக் கிடையாது. லைப்ஸிக்கிலிருந்து டீசல் வண்டியில்தான் வந்து இறங்கினேன். ரோஸ்டாக் வரை போகும் இன்டர்சிட்டி 2022இல்தான் வந்தது. ஒரு ஊருக்கு எந்த ரயில் வருகிறது, எது நின்றுபோயிற்று என்று பார்ப்பது ஜாதகம் பார்ப்பதைப் போல என்று பிறகு புரிந்துகொண்டேன்.

1990 வரை தனி நாடாக இருந்த சோஷலிசக் கிழக்கு ஜெர்மனியின் ஆலைகள் பழசாகிப் போனவை, போட்டி வந்ததும் மூடிவிட்டன என்பதுதான் நான் கேட்டு வந்த விளக்கம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை எனக்கு விளக்கியவர் நான் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த பெரியவர். ஃப்ரிட்ஸ் ஹெக்கர்ட் என்ற பெயரில் இயங்கிய இயந்திரக் கருவிக் கூட்டு நிறுவனத்தில், அதாவது மில்லிங் இயந்திரங்கள் செய்து உலகெங்கும் அனுப்பிய அரசு ஆலைகளின் தொகுப்பில், அவர் ஃபிட்டராக இருந்தவர். எங்கள் குடியிருப்புப் பகுதிக்கும் அதே பெயர்தான். ஆலைத் தொழிலாளர்களுக்காக 1974 முதல் கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டியது.

அவர் சொன்ன கணக்கைப் பிறகு புத்தகங்களில் சரிபார்த்துக்கொண்டேன். 1980களின் இறுதியில், ஒரு மேற்கு மார்க் ஈட்டுவதற்குக் கிழக்கு ஜெர்மனியின் ஏற்றுமதி நிறுவனங்கள் சராசரியாக 4.4 கிழக்கு மார்க் செலவழித்துக்கொண்டிருந்தன. 1990 ஜூலை 1 அன்று இரு நாடுகளின் நாணயமும் ஒன்றானபோது சம்பளங்கள் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மாற்றப்பட்டன. வயதுவந்தவர்களின் சேமிப்பில் பொதுவாக 4,000 மார்க் வரையிலும் அதே விகிதம்தான். மக்களுக்கு அது திருவிழா. ஆலைக்கோ, மேற்குப் பணத்தில் பார்த்தால், கூலிச் செலவு ஒரே இரவில் நான்கு மடங்குக்கு மேல் ஏறிற்று. அதற்கு ஆறு மாதம் கழித்து, 1991 ஜனவரியில், சோவியத் கூட்டு நாடுகளுக்கிடையிலான வணிகம் வன்நாணயத்துக்கு, அதாவது டாலரைப் போல உலகச் சந்தையில் செல்லும் பணத்துக்கு, மாறியது. இவர்களுடைய இயந்திரங்களை வாங்கிக்கொண்டிருந்த சோவியத் ஆலைகளிடம் அந்தப் பணம் இல்லை. “நாங்கள் செய்த மில்லிங் மெஷின் வெள்ளிக்கிழமை நல்ல மெஷினாக இருந்தது, திங்கட்கிழமை யாராலும் வாங்க முடியாத மெஷினாகிவிட்டது” என்றார் பெரியவர். விகிதத்தை வேறு மாதிரி வைத்திருக்கலாமே என்று கேட்டேன். வைத்திருந்தால் தானே மூட்டை கட்டிக்கொண்டு மேற்கே போயிருப்பேன் என்று சிரித்தார்.

அரசு ஆலைகளைத் தனியாருக்கு விற்கும் பொறுப்பு ட்ராய்ஹாண்ட் என்ற நிறுவனத்திடம் விடப்பட்டது. சுமார் 8,500 அரசு நிறுவனங்களும் அவற்றின் 40 லட்சம் தொழிலாளர்களும் அதன் கைக்கு வந்தனர். அதன் தலைவர் டெட்லெவ் ரோவெடர் 1991 ஏப்ரல் 1 அன்று தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த பிர்கிட் பிராயெல் விற்பனையை விரைவுபடுத்தினார். 1994 இறுதியில் கடையை மூடிவிட்டார்கள். எங்கள் கட்டடத்தில் ‘ட்ராய்ஹாண்ட்’ என்ற சொல்லை வசைச்சொல்லாகத்தான் பயன்படுத்துவார்கள். ஐந்து ஆண்டுக்குள் ஒரு நாட்டின் தொழிலை முழுவதும் விற்கப் புறப்பட்டது பெருந்தவறு என்பதே என் கருத்து. ஆனால் வாங்க ஆளில்லாத பல ஆலைகளை எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் விற்றிருக்க முடியாது என்பதையும் தொழில் தெரிந்தவனாக நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெரியவரின் மனைவி காலுறை ஆலையில் வேலை பார்த்தவர். கெம்னிட்ஸைச் சுற்றியும் தெற்கிலுள்ள எர்ட்ஸ் மலைப் பகுதியிலும் பின்னலாடை ஆலைகள் ஊருக்கு ஊர் இருந்தன, பெண்களே அதிகம். கிழக்கு ஜெர்மனியில் வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் வேலையிலோ படிப்பிலோ இருந்தார்கள். முதலில் விழுந்தது ஜவுளி. கணவருக்கு முதலில் ‘பூஜ்ஜிய மணிக் குறைநேர வேலை’ என்று ஒன்று கிடைத்தது. பெயரளவில் ஆலையில் இருப்பார், ஒரு மணி நேரமும் வேலை இருக்காது, சம்பளத்தில் ஒரு பங்கு வரும். மனைவிக்கு அதுவும் இல்லை. மறுபயிற்சி வகுப்புகளில் கணினித் தட்டச்சும் கணக்குப்பதிவும் மூன்று முறை படித்தார், ஒரு வேலையும் வரவில்லை. ஐம்பத்தைந்தில் முன்கூட்டிய ஓய்வில் போனார். கணவரின் கதையை அவரே சொல்வார். மனைவியின் கதையை நான் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. நாட்டின் இந்தப் பகுதியில் 1989இல் ஏறக்குறைய 2 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1994இல் 80,000க்கும் குறைவு. அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகு, அந்த எண்ணை வெறும் எண்ணாக என்னால் படிக்க முடியவில்லை.

விழுந்தது எல்லா ஊரும்தான். விழுந்த பிறகு நடந்தது ஊருக்கு ஊர் வேறு. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கெம்னிட்ஸிலிருந்து அரைமணி ரயில் தூரத்தில் உள்ளது ஸ்விக்காவ். ட்ரபான்ட் கார் பிறந்த ஊர். முப்பது லட்சத்துக்கும் மேல் செய்து, 1991 ஏப்ரல் 30 அன்று கடைசி வண்டியை வெளியே விட்டார்கள். அத்தோடு அந்த ஊர் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே நகரின் வடக்கே மோசல் என்ற இடத்தில் ஃபோக்ஸ்வாகன் போலோ கார்களைக் கோக்கத் தொடங்கியிருந்தது. காரணத்தைத் தேடினால் அது பெர்லின் சுவர் விழுவதற்கு முன்னாலேயே இருக்கிறது: ஃபோக்ஸ்வாகன் எஞ்சினைக் கிழக்கு ஜெர்மனியில் செய்வதற்கு 1984இல் ஒப்பந்தம் போட்டு, 1988 முதல் கார்ல்-மார்க்ஸ்-ஸ்டாட்டில் செய்துகொண்டிருந்தார்கள். மேற்கின் பொறியாளர்களுக்கு இந்த ஊர்த் தொழிலாளர்களின் முகமும் கைத்திறனும் முன்பே தெரியும். ஆவ்டி நிறுவனம் பிறந்ததும் இதே ஸ்விக்காவில்தான். அச்சு செய்கிறவன், இருக்கை தைக்கிறவன், வயரிங் கட்டுகிறவன் என்று சுற்றுப்புறம் முழுக்கக் கார் வேலை அறிந்த கைகள் இருந்தன. முதலீடு அந்தக் கைகளைத் தேடி வந்தது.

டிரெஸ்டனின் கதை இன்னும் தெளிவு. 1961இலேயே அங்கு நுண்மின்னணு ஆராய்ச்சிக்கூடம் தொடங்கப்பட்டது. 1988இல் ஒரு மெகாபிட் நினைவகச் சில்லை (சிப்) செய்து கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனெக்கர் கையில் கொடுத்தார்கள். அந்தச் சில்லு சந்தையில் ஒரு நாளும் ஈடுகொடுத்திருக்காது. ஆனால் தூசியில்லா அறையில் வேலை செய்யப் பழகிய ஆயிரக்கணக்கான பேர் ஊரில் இருந்தார்கள். சீமென்ஸ் 1990களின் நடுவில் வந்தது, பிறகு ஏஎம்டி, 2024 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி கூட்டுத் தொழிற்சாலைக்கு அடிக்கல். மாநிலத்தின் முதல் அமைச்சராக 1990 முதல் 2002 வரை இருந்த கூர்ட் பீடன்கோஃப், பணத்தை எல்லா ஊருக்கும் தூவாமல் ஒளிவிடும் சில இடங்களில் குவிக்கும் ‘கலங்கரை விளக்க’க் கொள்கையை எடுத்தார். விளக்கின் அடியிலுள்ள ஊர்கள் இருட்டில் கிடந்தன என்று மற்ற ஊர்க்காரர்கள் இன்றும் குறைசொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

அந்த இருட்டைப் பார்க்க வேண்டுமானால் ஹோயர்ஸ்வெர்டாவுக்குப் போக வேண்டும். லவுசிட்ஸ் என்ற பழுப்பு நிலக்கரிப் பகுதியில், ஷ்வார்ட்ஸே பும்பே என்ற எரிவாயு ஆலைக்காகச் சிற்றூர் ஒன்றை வளர்த்து, 1980களின் தொடக்கத்தில் 70,000 பேருக்கு மேல் வாழும் நகராக்கினார்கள். இன்று பாதிக்கும் குறைவு. நிலக்கரித் தொழிலில் லவுசிட்ஸில் 1989இல் சுமார் 80,000 பேர் இருந்தனர். இப்போது பத்தில் ஒரு பங்குதான். அங்கே ஒரு நேர்முகத் தேர்வுக்காக 2017இல் போனபோது, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கட்டடங்களுக்கு நடுவில் பெரிய புல்வெளிகளைப் பார்த்து, நல்ல பூங்கா நகரம் என்று நினைத்தேன். தேர்வு நடத்திய அம்மையார்தான் சொன்னார், ஒவ்வொரு புல்வெளியும் இடித்துத் தள்ளிய ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் அளவு என்று. கிழக்கில் பத்து லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்ததால், 2002 முதல் அரசே காசு கொடுத்து இடிக்கும் திட்டத்தை நடத்தியது.

அதே பயணத்தில் லிஷ்டர்ஃபெல்ட் என்ற கிராமத்துக்கும் போனேன். அங்கே எஃப்-60 என்ற சுரங்கப் பாலம், நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணை அப்பால் கொண்டுபோய்க் கொட்டும் ராட்சத இயந்திரம், நிற்கிறது. 502 மீட்டர் நீளம், 11,000 டன் எஃகு. செய்து முடித்து 13 மாதம் ஓடிற்று. 1992இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது நுழைவுச்சீட்டு வாங்கி மேலே ஏறலாம். ஏறினேன். கீழே சுரங்கப் பள்ளத்தில் நீர் நிரம்பி ஏரியாகக் கிடந்தது. புத்தம்புது பேரிங்குகள், பழுதில்லாத பற்சக்கரங்கள். பட்டறைக்காரன் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

போலந்து எல்லையில் ஓடர் ஆற்றை ஒட்டிய ஐசன்ஹூட்டன்ஸ்டாட்டில் எனக்குப் பிடித்தது அதன் தொழில்நுட்பக் கோளாறுதான். 1950இல் உருக்காலைக்காகவே தோற்றுவிக்கப்பட்டு, 1961 வரை ஸ்டாலின்ஸ்டாட் என்ற பெயரைச் சுமந்த ஊர். ஊது உலை இருந்தது, பிறகு குளிர் உருட்டாலை வந்தது, 1980களில் எஃகு உருக்கும் கூடமும் வந்தது. நடுவில் வேண்டிய வெப்ப உருட்டாலை மட்டும் இல்லை. அதனால் தன் எஃகுப் பாளங்களை வெளிநாட்டுக்கு அனுப்பி உருட்டித் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாவரைத்து, இட்லி ஊற்றப் பக்கத்து ஊருக்கு அனுப்பி, சாப்பிடத் திரும்பக் கொண்டுவருவதைப் போல. அந்த ஓட்டையை 1997இல்தான் அடைத்தார்கள். பெல்ஜிய நிறுவனம் ஒன்று வாங்கியதால் ஆலை பிழைத்தது. இன்று ஆர்சலர்மிட்டலிடம் இருக்கிறது. ஆலை பிழைத்தும் ஊர் பிழைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்: 50,000க்கு மேல் இருந்த மக்கள் இன்று 25,000க்கும் கீழே. நவீன உருட்டாலைக்குப் பழைய ஆட்களில் கால்வாசி போதும். 2025இல் இரண்டு வாரம் இலவசமாகத் தங்கிப் பாருங்கள் என்று நகராட்சியே விளம்பரம் செய்து ஆள் அழைத்தது.

வடக்கே பால்டிக் கடலோரக் கப்பல் தளங்களை நான் பார்த்ததில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். நடுவிலுள்ள வோல்ஃபெனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1936இல் வண்ணப் படச்சுருளுக்குப் பேர்பெற்ற ஊர். சுமார் 15,000 பேர் வேலை பார்த்த ஃபிலிம் ஆலை 1990களில் போயிற்று. 1999இல் தொடங்கி, பக்கத்துத் தால்ஹைமில் ஆலை அமைத்த க்யூ-செல்ஸ் பத்தாண்டுக்குள் உலகின் மிகப் பெரிய சோலார் செல் உற்பத்தியாளராக வளர்ந்தது, 2012இல் திவாலாயிற்று. எங்கள் வகுப்பு முடிவதற்குள் ‘சோலார் பள்ளத்தாக்கில் வேலை’ என்ற கனவு கலைந்துபோனது. வோல்ஃபென் மக்கள் ஒரே வாழ்க்கையில் இரண்டு முறை ஆலை மூடலைப் பார்த்தவர்கள்.

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டா நான் என் முதல் வேலைக்குப் போனேன்? இல்லை. மலையடிவாரச் சிறுநகர் ஒன்றில், கார் எஞ்சின் பாகங்களைக் கடையும் ஆலை. சுமார் இருநூறு பேர். புதிய கூரை, பளபளக்கும் தரை, நல்ல காபி. தலைமையகம் மேற்கில். இத்தகைய ஆலையை இங்கே ‘நீட்டித்த பட்டறை மேசை’ என்று சொல்வார்கள்: வேலை மட்டும் இங்கே நடக்கும், வடிவமைப்பும் விற்பனையும் முடிவும் வேறெங்கோ நடக்கும். எனக்கு அந்தச் சொல் அப்போது தெரியாது. போய்ச் சேர்ந்து இரண்டே முக்கால் ஆண்டு கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், இரண்டாம் வரிசையில் ஒரு சிஎன்சி இயந்திரம் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை படியாத ஒரு செவ்வகமும் நான்கு போல்ட் துளைகளும் இருந்தன. பழுதுபார்க்க அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். பழுதுபார்க்கப் போகும் இயந்திரத்தோடு அதன் டூல் ரேக்கும் போகுமா என்று எங்கள் பிரிவின் மூத்த டர்னர் முணுமுணுத்தார். நான் அவர் எரிச்சலில் பேசுகிறார் என்று எண்ணினேன். நான்கு மாதத்தில் மூன்று இயந்திரங்கள் போயின. பிறகு ஒரு வியாழக்கிழமை கேன்டீனில் எல்லாரையும் கூட்டி, மேற்கிலிருந்து வந்த இரண்டு பேர் இருபது நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் ஒரு கணக்கு பிடிபட்டது. பின்தங்கிய பகுதியில் முதலீடு செய்கிற நிறுவனத்துக்கு மத்திய, மாநில அரசுகள் கூட்டாக மானியம் தருகின்றன. வாங்கினால் அந்த இயந்திரங்களும் வேலைகளும் ஐந்து ஆண்டுகள் அந்த ஊரிலேயே இருந்தாக வேண்டும். ஆலை வாசலில் இருந்த மானியப் பலகையை நான் தினமும் கடந்துதான் போனேன். அதிலிருந்த ஆண்டோடு ஐந்தைக் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. எல்லா நிறுவனமும் அப்படிக் கிளம்பிவிடும் என்று சொல்லவில்லை, பெரும்பாலானவை இருக்கின்றன. ஆனால் வேலைக்குச் சேருமுன் அந்தப் பலகையின் ஆண்டைப் படிப்பதற்குக் காசு ஒன்றும் ஆகாது.

மூடல் அறிவிப்பு வந்த வாரத்தில் நான் செய்த தவறுகளையும் சொல்ல வேண்டும். பணிநீக்கக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால்தான் அதை எதிர்க்க முடியும். நான் நல்லவிதமாகப் பேசித் தீர்க்கலாம் என்று பதினெட்டு நாளைக் கழித்தேன். வேலை முடியும் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்பே, அதற்கும் குறைவாக அவகாசம் இருந்தால் செய்தி தெரிந்த மூன்று நாளுக்குள், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ‘வேலை தேடுகிறேன்’ என்று பதிவு செய்ய வேண்டும். நான் வேலை முடிந்த பிறகு போகலாம் என்றிருந்ததால் ஒரு வார உதவித்தொகை போயிற்று. கடைசி முப்பது மாதத்தில் பன்னிரண்டு மாதம் காப்பீடு கட்டியிருந்தால் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதமும், பிள்ளை இருந்தால் 67 சதவீதமும் வரும். அதைக் கேட்டு வாங்குவது பிச்சையல்ல, நாம் கட்டிய காப்பீடு. என் தங்கும் அனுமதியோடு வந்த தாளில் ஆலையின் பெயர் எழுதியிருந்தது. எனவே வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு உடனே எழுதியாக வேண்டும் என்று சொன்னவர், ஆலையில் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கும் தொழிலாளர் மன்றத்தில் இருந்த ஒரு பெண்மணி. அவர் சொல்லாவிட்டால் அதையும் தவறவிட்டிருப்பேன். தொழிலாளர் மன்றம் இல்லாத ஆலையில் இத்தகைய ஒரு ஆளும் இருக்க மாட்டார். நேர்முகத் தேர்வில் “இங்கே தொழிலாளர் மன்றம் உண்டா, கூட்டு ஊதிய ஒப்பந்தம் உண்டா” என்று கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று நம் பிள்ளைகள் கூசுகிறார்கள். கூச வேண்டாம்; இங்கே அது விடுமுறை எத்தனை நாள் என்று கேட்பதைப் போன்ற கேள்விதான்.

மற்றொன்று. ஜெர்மனியில் தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனங்களும் ஆண்டுக் கணக்கை வெளியிட்டாக வேண்டும். நிறுவனப் பதிவேட்டின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். சிறு நிறுவனங்களின் கணக்கு சுருக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் இரண்டு விஷயம் தெரியும்: நிலையான சொத்துகளின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறதா, புதிய இயந்திரம் வாங்கி மீண்டும் ஏறுகிறதா என்பது ஒன்று, இலாபம் முழுவதையும் தாய் நிறுவனத்துக்கு அனுப்பும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பது மற்றொன்று. என் பழைய ஆலையின் கணக்கை மூடிய பிறகு எடுத்துப் பார்த்தேன். நான் சேர்வதற்கு இரண்டு ஆண்டு முன்பிருந்தே அந்த எண் தேய்ந்துகொண்டு வந்திருந்தது.

வேலையில்லாமல் இருந்த அந்த ஏழு மாதத்தில், தரைத்தளப் பெரியவர் நிலவறையிலிருந்த தன் சிறு பட்டறைக்கு அடிக்கடி கூப்பிடுவார். ஒரு நாள் சர்ஃபேஸ் பிளேட் என்ற சமதளப் பலகையில் நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, வார்ப்பிரும்புத் துண்டொன்றை அதன்மேல் வைத்து இழுத்து, நீலம் ஒட்டிய மேடுகளை ஸ்கிரேப்பரால் சுரண்டிக் காட்டினார். நான்காவது முறை எடுத்தபோது நீலப் புள்ளிகள் சீராகப் பரவியிருந்தன. ஓர் அங்குலச் சதுரத்துக்கு எத்தனை புள்ளி என்று கண்ணாலேயே எண்ணினார். லேத் பெட்டுக்கு என் அப்பாவும் இதைத்தான் செய்வார் என்றதும், மனிதர் எழுந்து நின்று கைகொடுத்தார். அவருடைய பழைய ஆலை சிதறிப்போனாலும், அதிலிருந்த பொறியாளர்கள் சிலர் தங்கள் சேமிப்பைப் போட்டு ஆளுக்கொரு பிரிவை எடுத்து நடத்திய சிறு நிறுவனங்கள் நகரைச் சுற்றி இருக்கின்றன. ஃப்ராவுன்ஹோஃபர் அமைப்பு 1991இல் இயந்திரக் கருவிகளுக்கான ஆய்வகத்தையும் இங்கே அமைத்தது. பெரியவரிடம் வேலை கற்ற ஒருவர் நடத்தும் முப்பத்தைந்து பேர் கொண்ட நிறுவனத்தில்தான் 2018 முதல் இருக்கிறேன். சம்பளம் முன்பைவிட மாதம் நானூறு யூரோ குறைவு. முதலாளியின் அறை என் மேசையிலிருந்து பன்னிரண்டு அடி. கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் போன பிறகும் பம்ப்பும் வார்ப்படமும் லேத்தும் ஏன் நிற்கின்றன என்பதும் எனக்கு இங்கேதான் விளங்கியது: பஞ்சாலைக்கு ஸ்பிண்டில் திருத்திக் கொடுத்த கை வேறு எதையும் செய்யும். சுரங்கத்தை மட்டும் நம்பிய ஊரில் அந்தக் கைக்கு வேறு வேலை கொடுக்கப் பக்கத்துப் பட்டறை இல்லை.

வீடு பார்க்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. சுருங்கும் ஊரில் வாடகை குறைவு. ஆனால் குழாய்கள் பழைய மக்கள்தொகைக்காகப் போட்டவை. பாதிப் பேர் போன பிறகு கழிவுநீர் தேங்காமலிருக்க நகராட்சி நல்ல தண்ணீரை விட்டு அலச வேண்டியிருக்கிறது. அந்தச் செலவை மிச்சமிருக்கும் வீடுகள்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. எனவே வாடகையைத் தனியாகப் பார்க்காமல், வெந்நீரும் சூடேற்றலும் கட்டணங்களும் சேர்ந்த தொகையைக் கேளுங்கள். இரண்டு ஆண்டு காலி செய்யக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். ஆலை மூடிய பிறகும் எட்டு மாதம், அந்த ஊரில் எடுத்திருந்த ஆளில்லாத வீட்டுக்கு நான் வாடகை கட்டினேன்.

நிறத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஹோயர்ஸ்வெர்டாவில் 1991 செப்டம்பரில் மொசாம்பிக், வியட்நாம் ஒப்பந்தத் தொழிலாளர் விடுதியைக் கும்பல் தாக்கியது. கெம்னிட்ஸில் 2018 ஆகஸ்டில் வெளிநாட்டினருக்கு எதிராக நடந்த கலவரத்தை நானே என் சன்னலிலிருந்து பார்த்தேன், ஒரு வாரம் இருட்டிய பிறகு வெளியே போகவில்லை. அந்த வாரம் எனக்குப் பாலும் ரொட்டியும் வாங்கிவந்து கதவைத் தட்டியவர் தரைத்தளப் பெரியவரின் மனைவி. இரண்டையும் ஒரே கட்டடத்திலிருந்துதான் பார்த்தேன். பொதுவாக எந்த முடிவும் என்னால் சொல்ல முடியாது. மாலை எட்டு மணிக்கு அந்த ஊர் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து பாருங்கள், உங்கள் மனம் என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள்.

பெரிய அறிவிப்புகளை நம்பியும் வீடு மாறாதீர்கள். மாக்டெபுர்க் நகரில் பிரம்மாண்டமான சில்லு ஆலை வரும் என்று இன்டெல் 2022 மார்ச்சில் அறிவித்தபோது, என்னைக் கேட்ட இரண்டு பேர் அங்கே பல்கலைக்கழகமே மாறினார்கள். 2024இல் திட்டம் தள்ளிப்போடப்பட்டது, 2025இல் கைவிடப்பட்டது. லவுசிட்ஸிலும் நிலக்கரியை 2038க்குள் நிறுத்தும் சட்டத்தோடு, நாட்டின் நிலக்கரிப் பகுதிகளுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் காட்புஸ் ரயில் பணிமனையைப் போலக் கட்டி முடித்து ஆளெடுக்கிற இடத்துக்குத் தாராளமாக விண்ணப்பியுங்கள். படம் மட்டும் போட்ட இடத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

சென்ற மாதம் திருச்சிக்காரத் தம்பி ஒருவர், போலந்து எல்லைக்கருகில் ஓர் ஆலையில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி அதே கேள்வியைக் கேட்டார். வாரநாளில் மதியம் இரண்டு மணிக்கு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், ஆலையின் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய் நம்பர் பிளேட்டுகளைப் பார்த்து வரச்சொன்னேன். ஜெர்மனியில் பிளேட்டின் முதல் எழுத்துகள் எந்த மாவட்டம் என்று சொல்லிவிடும். பக்கத்து நாட்டுப் பிளேட்டும் தனியாகத் தெரியும். உள்ளூர் வண்டிகள் அதிகமென்றால் ஊரில் இன்னும் வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன; எல்லை தாண்டி வருகிறவையே பெரும்பாலும் என்றால், ஆலை எதற்காக அங்கே நிற்கிறது என்று நேர்முகத் தேர்வில் கேட்க வேண்டும். அன்று மாலை அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: மொத்தம் 118 வண்டி, 71 போலந்து, 40 உள்ளூர், மற்றவை அக்கம்பக்கத்து மாவட்டங்கள், மேற்கு மாவட்டப் பிளேட்டோடு ஒன்றே ஒன்று, அதுவும் மேலாளருக்கென்று ஒதுக்கிய இடத்தில். கூடவே கேட்டிருந்தார்: “வாசலில் மானியப் பலகை ஒன்று இருக்கிறது அண்ணா, 2023 என்று போட்டிருக்கிறது. ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டுக்கு மட்டும் கேட்கட்டுமா?” கேளுங்கள் என்றேன்.